மாரியாயிக்கு எழுதிய இரண்டு தாள்கள்

இழைப்புளி ஓட ஓடப் பச்சைப் பலகையிலிருந்து கிளம்பும் ஒரு காரமான வாசனை, தொழிற்சாலைக்குப் பின்னாலிருந்த தச்சுக் கொட்டகையிலிருந்து காற்றில் ஏறி எங்கள் பள்ளிக்கூட ஜன்னல்வரை வந்துவிட்டால், தோட்டத்தில் யாரோ செத்துவிட்டார்கள் என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். சவப்பெட்டிக்கு 'டர்பன்டைன்' மரப் பலகை கொடுப்பது எங்கள் தோட்டத்து வழக்கம். அதைக் காயவைத்துக்கொண்டிருக்க எந்தப் பிணத்துக்கும் நேரமில்லாததால் பெட்டி எப்போதும் ஈரத்தோடுதான் குழிக்குள் போகும். செத்தது யார் என்று தெரியவரும்வரை அந்த வாசனையை நாங்கள் மூக்கை உயர்த்தி ஆசையோடு இழுத்துக்கொள்வோம், ஏனென்றால் சாவு என்றால் அன்றைக்குப் பள்ளிக்கூடம் அரை நாள்தான். இரக்கமெல்லாம் பிறகு வருவது. சிலருக்கு வராமலே போவதும் உண்டு.

இலங்கையின் மலைநாட்டில், பசறையிலிருந்து பஸ் ஒரு மணி நேரம் வளைந்து வளைந்து ஏறினால் வருகிற தேயிலைத் தோட்டம் எங்களுடையது. செத்தவர்களைப் பற்றி நல்லதை மட்டுமே பேசவேண்டும் என்பதை நான் பதுளை டவுனுக்குக் குடிவந்த பிறகுதான் கேள்விப்பட்டேன். எங்களிடம் இருந்த வழக்கம் அதற்கு நேர்மாறானது. ஆடி அமாவாசை கழிந்து வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில், அந்த ஒரு வருடத்துக்குள் செத்தவர்களுடைய வாழ்க்கையைக் கோயில் முற்றத்தில் எல்லோருக்கும் முன்னால் வாசிப்பார்கள். 'பேர் வாசிப்பு' என்று அதற்குப் பெயர். ஆளுக்கு ஒரு தாள், இரண்டு பக்கமும் எழுதலாம். நல்லதும் இருக்கும், கெட்டதும் இருக்கும், சொல்லப்போனால் கெட்டதுதான் கூடுதலாக இருக்கும். சொல்லாமல் மறைத்துவிட்டால் செத்தவர் போகமாட்டார், 'லயத்தையே சுத்திக்கிட்டுக் கெடப்பாரு' என்பது பெரியவர்களின் நம்பிக்கை. அதனால் அவிழ்க்கவேண்டியதையெல்லாம் அன்றைக்கு அவிழ்த்து அனுப்பிவிடுவார்கள். குடும்பத்தார் முன்வரிசையில் சாக்கு விரித்து உட்கார்ந்து அதைக் கேட்டே ஆகவேண்டும், எழுந்து போகக்கூடாது.

பால்காரர் ஒருவருடைய தாளை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அவர் பாலில் தண்ணீர் கலந்தார் என்று சொல்வது தவறு, தண்ணீரில்தான் பால் கலந்தார் என்று வாசித்தபோது முற்றமே குலுங்கிச் சிரித்தது, அவருடைய மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாளா சிரித்தாளா என்று யாருக்கும் தெரியவில்லை. இன்னொருவர் குடித்துவிட்டு வந்து மனைவியின் கையை முறித்தார் என்று வாசித்தபோது, முன்வரிசையிலிருந்த அந்த மனைவி தலையைத் தூக்காமலே, "ரெண்டு தடவ" என்றாள். வாசிக்கிறவர் பேனாவை எடுத்துத் திருத்திவிட்டு மேலே போனார். இதையெல்லாம் நான் ஏழெட்டு வயதிலிருந்தே, வெல்லம் கடித்துத் தேத்தண்ணி குடித்தபடி, திருவிழா பார்க்கிற மாதிரி பார்த்து வளர்ந்தேன்.

தாள் எழுதுவதற்கு ஒரு முறை இருந்தது. செத்தவருடைய வீட்டாரிடம் எதையும் கேட்கக்கூடாது. இடது பக்கத்து வீடு, வலது பக்கத்து வீடு, எதிர் லயத்தில் வாசலுக்கு நேரே இருக்கிற வீடு, இந்த மூன்று இடங்களில் கேட்டு எழுதினால் போதும். லயம் என்பது வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒற்றை அறை வீடுகள், அந்தக் காம்பராக்களுக்கு நடுவில் இருப்பது ஒரே சுவர், அதுவும் கூரைவரை எட்டாத சுவர். ஒரு வீட்டில் புருஷன் பெண்சாதி பேசுவதும், பிள்ளைக்கு அடி விழுவதும், சட்டியில் கறி இல்லாததும் பக்கத்து வீட்டுக்குத் தெரியாமல் இருக்கவே முடியாது. இந்த முறையை வகுத்தவர்கள் லயத்தைக் கட்டிய வெள்ளைக்காரனைவிட லயத்தை நன்றாக அறிந்தவர்கள்.

தொண்ணூறுகளின் நடுவில், எனக்குப் பதினாறு வயதாக இருக்கும்போது, அதுவரை தாள் எழுதிவந்த வாத்தியார் மாற்றலாகிப் போய்விட்டார். மரணச் சங்கத் தலைவர் கறுப்பையா, ஓய்வுபெற்ற கங்காணி, எங்கள் வீட்டுக்கு வந்து, கையெழுத்து நன்றாக இருக்கிறதாமே, இந்த வருடம் இந்தப் பிள்ளையே எழுதட்டும் என்று அம்மாவிடம் கேட்டார். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. போகும்போது அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒன்று சொன்னார்: "செத்தவுங்களுக்கு ஒறைக்கிற மாதிரி எழுது ஆத்தா. உசுரோட இருக்கிறவுங்க சோத்துல மண்ணு விழுற மாதிரி மட்டும் எழுதிறாத." எனக்கு அது நன்றாகவே விளங்கியது. விளங்கவில்லை என்று பிற்பாடு சிலரிடம் சொல்லியிருக்கிறேன், அது பொய்.

இங்கே தவமணியைப் பற்றிச் சொல்லவேண்டும். என்னோடு ஒரே வகுப்பில் படித்தவள், மேல் லயத்துக்காரி, மாரியாயியின் ஒரே மகள். ஐந்தாம் வகுப்பிலிருந்து பதினோராம் வகுப்புவரை ஒவ்வொரு தவணையும் அவள் முதலாவது வருவாள், நான் இரண்டாவது வருவேன். ஒரே ஒரு தவணை நான் முதலாவது வந்தேன். அந்தத் தவணை அவளுக்கு அம்மை போட்டிருந்தது. அவளுக்கு என்மேல் எந்தக் கோபமும் கிடையாது, இரண்டாவது வருகிறவள்மேல் முதலாவது வருகிறவளுக்கு எதற்குக் கோபம்? கணக்கு விளங்காவிட்டால் என் வீட்டுக்கே வந்து சொல்லிக்கொடுப்பாள். அவள் சொல்லிக்கொடுக்கும்போது நான் அவளுடைய குதிகால் வெடிப்புகளையும், சேப்டி பின் குத்திய சட்டையையும் பார்த்துக்கொண்டிருப்பேன், அதில் எனக்கு ஒரு சின்ன ஆறுதல் இருந்தது. எங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து அதுவரை யாரும், பதினோராம் வகுப்பு முடிவில் வருகிற ஓ.எல். அரசாங்கச் சோதனையில் முழுதாகச் சித்தியடைந்ததில்லை. அடைகிற முதல் ஆளைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்திலேயே ஆசிரியராக எடுத்துக்கொள்வார்கள் என்று எங்கள் பள்ளி அதிபர் ஒருமுறை சொல்லிவிட்டுப் போயிருந்தார், அந்த ஆள் யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

அந்த வருடம் வைகாசியில் மாரியாயி செத்தாள். ஏழாம் நம்பர் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தபோது குளவி கலைந்துவிட்டது. மற்றவர்கள் கூடையை எறிந்துவிட்டு ஓட, இவள் இடுப்பில் சுற்றிய படங்குச் சேலை, கவ்வாத்து வெட்டிய தேயிலைக் கட்டையில் மாட்டிக்கொண்டு விழுந்தாள். லொறியில் ஏற்றிப் பதுளைக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது. முகம் வீங்கி யார் என்றே அடையாளம் தெரியவில்லை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். தகப்பன் எப்போதோ மொனராகலைப் பக்கம் கரும்பு வெட்டப் போகிறேன் என்று போய்த் திரும்பி வராத ஆள். கல்யாணமும் பதிவு செய்யாதது, அவனுக்கு ஒரு காகிதமும் கிடையாது. ஆகவே தவமணி தனி ஆளானாள். கொழுந்து மலைக்குப் போகச் சொன்னவர்களிடம், மார்கழிச் சோதனை முடியட்டும் என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடம் வந்துகொண்டிருந்தாள்.

ஆடி பிறந்ததும் நான் தாள்களை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். அந்த வருடத்துக்கு ஐந்து பேர். மாரியாயி வீட்டு இடப்பக்கத்தில், வேலையில் கெட்டிக்காரி, கை சும்மா இருக்காது, ஆனால் யாரோடும் ஒட்டமாட்டாள் என்றார்கள். வலப்பக்கத்தில், சொந்த ஊர், அப்பா அம்மா என்று பேச்சு வந்தால் எழுந்து போய்விடுவாள் என்றார்கள். எதிர் வீட்டில் அங்கம்மா என்ற கிழவி இருந்தாள். கண் பாதி தெரியாது, பேச்சும் அங்கே இங்கே ஓடும், மகன் வீட்டு மூலையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கிடப்பாள். மாரியாயியைப் பற்றிச் சொல்லுங்க பாட்டி என்று நான் கேட்டதும் கிழவி எழுந்து உட்கார்ந்தாள்.

"எந்த மாரியாயி? எம்மக மாரியாயி செத்து இருவத்தஞ்சு வருசமாச்சே."

பிறகு அவள் சொன்னதை நான் இப்போது சுருக்கித்தான் சொல்லமுடியும். அவளுக்கு மாரியாயி என்று ஒரு மகள் இருந்தாள். அந்த மகளுக்குப் பாக்கியம் என்று ஒரு கூட்டாளி. ஒப்பந்தம் போட்டு ஆட்களை இந்தியாவுக்கு அனுப்பிய காலத்தில் பாக்கியத்தின் குடும்பத்துக்கு இந்தியப் பாஸ்போர்ட் வந்துவிட்டது. அங்கம்மா குடும்பத்துக்கு இந்த நாட்டுப் பிரஜை என்று காகிதம் கிடைத்தது. பாக்கியம் குடும்பம் இந்தியாவுக்குப் போகக் கோச்சி ரயில் ஏறுகிற வாரத்தில் மாரியாயி காய்ச்சல் வந்து செத்துப்போனாள். பாக்கியமோ இங்கே ஒருவனை நினைத்துக்கொண்டு, போகமாட்டேன் என்று ஒளிந்துகொண்டாள். தாய் தகப்பன் தேடிப் பார்த்துவிட்டு அழுதுகொண்டே கோச்சி ஏறினார்கள். பாஸ்போர்ட்டில் பேர் இருக்கிறவள் இங்கே தங்கினால் பொலிஸ் பிடித்துக் கப்பலில் ஏற்றிவிடும். அங்கம்மா மகளைப் புதைத்ததை ஆபீசில் பதியவில்லை. "பேரு சும்மாதானே கெடக்கு, நீ வச்சுக்கடின்னு நான்தான் குடுத்தேன்" என்றாள் கிழவி. அன்றிலிருந்து, காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்களத்தில் மாரியாயி என்று கூப்பிட்டால் பாக்கியம் வந்து நின்றாள். பெரியவர்கள் எல்லோருக்கும் தெரியும். இருபத்தைந்து வருடம் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை, பேர் வாசிப்பு நடத்துகிற அதே ஆட்கள்தான்.

கிழவி என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. எல்லோருக்கும் பேர் வாசித்தார்கள், எம்மகளுக்கு மட்டும் யாரும் வாசிக்கவில்லை, அவள் செத்தாள் என்றே ஒருவரும் சொல்லவில்லை, நீயாவது வாசிப்பாயா என்று கேட்டாள். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அப்படி ஒரு கதை எனக்குக் கிடைத்துவிட்டதே என்றுதான் புல்லரித்தது, கிழவிக்காக அல்ல.

வீட்டுக்கு வந்து ஒரே மூச்சில் எழுதினேன். அழுதுகொண்டே எழுதினேன் என்பதையும் சொல்லவேண்டும். என் எழுத்தைப் படித்து நானே அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமைக்கு முதல் நாள் மத்தியானம், மலைத்தண்ணி விழுகிற பீலியில் நான் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது தவமணி வந்தாள். கிழவி என்னிடம் பேசியதை யாரோ அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். அவளுக்கு விஷயம் முன்பே தெரியும். அம்மா ஒருநாள் சொல்லியிருக்கிறாள். சோதனை எழுதப் பதினாறு வயது முடிந்தவர்களுக்கு அடையாள அட்டை வேண்டும், அட்டைக்கான விண்ணப்பத்தைத் தோட்டத்து ஆபீசில் உறுதிப்படுத்த வேண்டும். எனக்கு அப்பா வழியில் எல்லாக் காகிதமும் இருந்ததால் என்னுடையது ஆனியிலேயே போய்விட்டது. தவமணிக்கு அம்மாவின் காகிதம் ஒன்றுதான் ஆதாரம். அம்மா மாரியாயி என்றால் மகள் இந்த நாட்டுப் பிள்ளை, அம்மா பாக்கியம் என்றால் மகள் எந்த நாட்டுக்கும் இல்லை. அதுவும் யுத்த காலம், சந்திக்குச் சந்தி 'செக்பொயின்ட்' போட்டிருந்த காலம்.

"கிளாக்கரய்யா வர்ற கெழம ஒப்பம் வச்சுத் தாரேன்னுருக்காரு. அதுவரைக்கும் அந்தப் பேச்ச எடுத்துறாத வசந்தா. ஒன்னத்தான் நம்பியிருக்கேன்" என்றாள்.

எழுதமாட்டேன் என்று சொன்னேன். சோப்பு நுரைக் கையாலேயே அவள் கையைப் பிடித்துச் சத்தியம் செய்தேன். அன்று சாயந்தரம் உட்கார்ந்து இன்னொரு தாள் எழுதினேன்: வேலையில் கெட்டிக்காரி, யாரோடும் ஒட்டமாட்டாள், மகளை நன்றாகப் படிக்கவைத்தாள். சப்பென்று இருந்தது. மறுநாள் காலையில் கோயிலுக்குப் போகும்போது இரண்டு தாளையும் கொப்பிக்குள் வைத்துக்கொண்டு போனேன். வேண்டாததை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கலாமே என்று கேட்டால், நான் எதை வாசிக்கப் போகிறேன் என்று எனக்கு அப்போதே ஓரளவு தெரிந்திருந்தது என்பதுதான் பதில்.

முற்றம் நிறைந்திருந்தது. தோட்டத்து ஆபீஸ் பெரிய கிளாக்கர் கோயிலுக்கு மணி வாங்கிக் கொடுத்தவர் என்பதால் அந்த வருடம் அவரைக் கூப்பிட்டு நாற்காலி போட்டு உட்காரவைத்திருந்தார்கள். யாழ்ப்பாணத்துக்காரர், நெற்றியில் விபூதி, அதிர்ந்து பேசமாட்டார். அங்கம்மாவை மகன் தூக்கிக்கொண்டு வந்து ஓரமாகச் சாக்கில் இருத்தியிருந்தான். முன்வரிசையில் தவமணி தனியாக உட்கார்ந்திருந்தாள். முதல் நான்கு தாள்களையும் வாசித்தேன். சனம் சிரிக்கவேண்டிய இடத்தில் சிரித்தது, உச்சுக்கொட்டவேண்டிய இடத்தில் உச்சுக்கொட்டியது, எல்லோர் முகமும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. என் வாழ்நாளில் அப்படி யாரும் என்னைப் பார்த்ததில்லை. ஐந்தாவதாகச் சப்பென்ற தாளை எடுத்தேன். முதல் வரியை வாசிக்கும்போதே பின்வரிசையில் இரண்டு பெண்கள் தங்களுக்குள் பேச ஆரம்பித்தார்கள். நான் நிறுத்தினேன். தவமணியைப் பார்த்தேன். அவள் லேசாகத் தலையாட்டினாள், நன்றி சொல்கிற மாதிரி. அந்தத் தலையாட்டலில் எனக்கு என்னவோ பற்றிக்கொண்டு வந்தது. கணக்குச் சரியாகப் போட்டுவிட்டாய் என்று சொல்லும்போதும் அவள் அப்படித்தான் தலையாட்டுவாள். கொப்பியைப் புரட்டி மற்றத் தாளை எடுத்தேன்.

"மாரியாயி என்று நாம் அழைத்தவளின் உண்மைப் பெயர் பாக்கியம்" என்று தொடங்கினேன்.

வாசித்து முடிக்கும்வரை ஒரு சத்தமும் இல்லை. கூட்டம் உருகிப்போய் இருக்கிறது என்று நினைத்தேன். முடித்துவிட்டு நிமிர்ந்தபோது பெரியவர்கள் எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கை தட்டியது ஓரத்தில் அங்கம்மா ஒருத்திதான். கறுப்பையா தலைவர் எழுந்து வந்து என் கையிலிருந்த தாளை வாங்கி நாலாக மடித்து மடியில் செருகிக்கொண்டார். தவமணி எழுந்து போகவில்லை, எழுந்து போகக்கூடாது என்பதுதானே முறை.

பெரிய கிளாக்கர் தேத்தண்ணி குடிக்காமலே புறப்பட்டார். தலைவர் பின்னாலேயே ஓடி, சின்னப் பிள்ளை ஏதோ கதை கட்டி எழுதிவிட்டாள் ஐயா, மனதில் வைக்காதீங்க என்று மன்றாடினார். நான் பக்கத்தில்தான் நின்றேன். கிளாக்கர் கோபப்படவில்லை.

"எனக்கு அந்தப் பிள்ளையில ஒரு கோவமும் இல்லை. ஆனா நூறு சனத்துக்கு முன்னால கேட்டிட்டன், இனிக் கேக்காத மாதிரி ஒப்பம் வைக்கேலாது. நாளைக்கு ஏதும் பிரச்சினையெண்டா, யாழ்ப்பாணத்தான் கள்ளப் பேருக்கு ஒப்பம் வைச்சவன் எண்டுதான் என்னைக் கொண்டுபோவாங்கள்" என்றார். கொஞ்சம் யோசித்து என் பக்கம் திரும்பினார். "பிள்ளை, நீ புனைஞ்சு எழுதினதெண்டா வந்து அப்பிடி எழுதித் தா. நான் அதை வைச்சுக்கொண்டு செய்யிறன்."

பயந்த மனிதர். பயத்துக்குள்ளும் ஒரு கதவை எனக்காகத் திறந்து வைத்துவிட்டுத்தான் போனார். ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும்: நான் இட்டுக்கட்டினேன்.

மறுநாள் தவமணி எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஏன் அப்படிச் செய்தாய் என்று அவள் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன், சண்டையில் ஒருவேளை மனம் இளகியிருக்கும். ஆபீசுக்கு எப்போது போகலாம் என்று மட்டும் கேட்டாள். நாளைக்குப் போகலாம் என்றேன். நாளைக்கு எனக்குத் தலைவலி வந்தது. அடுத்த நாள் மழை. அதற்கு அடுத்த வாரம் தவணைப் பரீட்சை. பொய் எழுதினேன் என்று நானே எழுதிக் கொடுத்தால் தோட்டம் முழுக்க என்னைப் பொய்க்காரி என்று சொல்லும், கிழவியின் மகளுக்கு மறுபடியும் பேர் இல்லாமல் போகும், உண்மையைத்தானே எழுதினேன் என்றெல்லாம் அம்மாவிடம் நியாயம் பேசினேன். அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டுவிட்டு, "நீ போகாததுக்குக் காரணம் அது இல்லடி" என்றாள். அதற்குமேல் அவளும் வற்புறுத்தவில்லை. அம்மாவுக்கும் மகள் வாத்தியாரம்மா ஆகவேண்டும் என்ற ஆசை இருந்தது.

தவமணி நாலு தடவை வந்தாள். ஐந்தாவது தடவை வரவில்லை. புரட்டாசி முடிய அவள் பள்ளிக்கூடம் வருவதையும் நிறுத்தினாள். கைக்காசுக்குக் கொழுந்து பறிக்கப் போனாள், பேர் பதிய முடியாதென்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். மார்கழியில் நான் பசறைக்குப் போய்ச் சோதனை எழுதினேன். மண்டப வாசலில் அட்டையைக் காட்டச் சொன்னார்கள், காட்டினேன். அன்று காலை பஸ்ஸில் போகும்போது, ரோட்டோரத்து மலையில் கூடையோடு நின்றவர்களில் அவளும் இருந்தாள். பஸ்ஸைப் பார்த்துக் கை அசைத்தாள் என்று பக்கத்தில் இருந்த பிள்ளை சொன்னாள். நான் கொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தத் தடவை எங்கள் பள்ளிக்கூடத்தில் முழுதாகச் சித்தியடைந்தவள் நான் ஒருத்திதான். முதலாவது வந்தேன்.

அடுத்த ஆடியில் பேர் வாசிப்பு நடந்தது, ஆனால் மூன்று வீட்டிலும் போய்க் கேட்டால் நல்ல மனுஷன், நல்ல மனுஷி என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்களாம். எந்த வீட்டில் எந்தப் பேர் யாருடையது, எந்தக் காகிதம் எப்படி வந்தது என்று யாருக்குத் தெரியும்? எல்லோருக்கும் பயம் வந்துவிட்டது. அதற்கு அடுத்த வருடம் அதுவும் நடக்கவில்லை. காலம் மாறிப் பழைய வழக்கம் மறைந்துவிட்டது என்று எழுதுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்குச் சிரிப்பு வரும். எங்கள் தோட்டத்து வழக்கத்தைக் காலம் ஒன்றும் செய்யவில்லை, நான்தான் கொன்றேன்.

இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருடம் கழித்துச் சட்டம் மாறியது. அப்படித் தங்கிவிட்டவர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் பிரஜாவுரிமை கொடுத்தார்கள். தவமணிக்கும் அட்டை வந்தது. அப்போது அவளுக்குக் கல்யாணமாகி, கையில் நாலு வயதுப் பெண் குழந்தை. நான் அதே தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. அடுத்த வருடம் அந்தக் குழந்தையை முதலாம் வகுப்பில் சேர்க்க அவள்தான் கூட்டிக்கொண்டு வந்தாள். படிவத்தை நான் நிரப்பினேன். "நல்லாப் படிக்க வைங்க டீச்சர்" என்றாள். வசந்தா என்று கூப்பிடுவாள் என்று நினைத்திருந்தேன். அவள் 'ங்க' போட்டுப் பேசியது அன்றைக்குத்தான் முதல் தடவை, அதற்குப் பிறகு கடைசிவரை அப்படியேதான் பேசினாள்.

போன மாதம் தவமணி செத்துப்போனாள். மஞ்சள் காமாலை, கவனிக்காமல் விட்டுவிட்டாள், முப்பது வயது. நான் இப்போது பதுளையில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருப்பதால் செய்தி போனில் வந்தது. தோட்டத்தில் இப்போது பலகை வாங்குவதில்லை, பசறைக் கடையிலிருந்து பளபளவென்று பெட்டி வருகிறது. லயத்து முகப்பில் அவளுடைய அடையாள அட்டைப் படத்தையே பெரிதாக்கிப் பூப்போட்டு, 'கண்ணீர் அஞ்சலி' என்று பேனர் கட்டியிருந்தார்கள். பெட்டியைத் தூக்குவதற்கு முன் இரங்கலுரை என்று ஒன்று வைக்கிறார்கள், தொழிற்சங்கக்காரர் ஒருவர் ஒலிவாங்கியைப் பிடித்து, செத்தவர் பேரை மட்டும் மாற்றி எல்லாச் சாவிலும் பேசுகிற பேச்சைப் பேசினார். பிறகு, கூடப் படித்த டீச்சர் வந்திருக்கிறார், அவர் இரண்டு வார்த்தை பேசவேண்டும் என்றார்கள்.

கூட்டத்தில் பழைய ஆட்கள் ஆறேழு பேர் இருந்தார்கள். கறுப்பையா தலைவர் போய்விட்டார், அங்கம்மா எப்போதோ போய்விட்டாள். இருந்த ஆறேழு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். பழைய வழக்கம் இருந்திருந்தால் இந்த வருட ஆடியில் பக்கத்து வீட்டுக்காரி எவளாவது சொல்லியிருப்பாள், யாராவது எழுதியிருப்பார்கள், நான் சாக்கில் உட்கார்ந்து கேட்டிருப்பேன். அந்த வழக்கம் ஒழிந்ததில் என்னைவிட நிம்மதி அடைந்த ஆள் அந்தத் தோட்டத்தில் இல்லை. ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டு, தவமணி எங்கள் வகுப்பில் எப்போதும் முதலாவது வருவாள், கணக்கில் புலி, எனக்கே அவள்தான் சொல்லிக்கொடுத்தாள் என்று பேசினேன். நன்றாகப் பேசினேன். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள்.

எல்லாம் முடிந்து காம்பராவுக்குள் உட்கார்ந்திருந்தபோது அவளுடைய மகள் கௌசி, பத்து வயதுப் பிள்ளை, என் பக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரே வகுப்பில் படித்தோம் என்று அம்மா எப்போதும் உங்களைப் பற்றிப் பெருமையாகச் சொல்வாங்க என்றாள். வேறு ஏதாவது சொல்வாளா என்று கேட்டேன். வேறு ஒன்றும் சொன்னதில்லை என்று அந்தப் பிள்ளை யோசித்துச் சொன்னாள். பிறகு கொஞ்ச நேரம் என் சேலைக் கரையைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"அம்மா மொதலாவது வருவாங்கன்னு சொன்னீங்கல்ல டீச்சர்? அப்ப அம்மா ஏன் சோதின எழுதல?"

"அந்த வாரம் ஒங்கம்மாவுக்குக் கடுங்காய்ச்சல்டா" என்றேன்.

"பாவம் அம்மா" என்று சொல்லிவிட்டு, எனக்குத் தேத்தண்ணி கொண்டுவர அவள் எழுந்து போனாள்.